அது வெள்ளைக்காரன் கஜானா இல்லை, எங்கள் ஊர்க்காரர்கள் கட்டிய பேங்க்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கடைவீதி முனையில் நிற்கும் பழைய கட்டடத்தின் படத்தைப் போட்டு, ஆங்கிலேயர் காலக் கருவூலம் இடிபடப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். படத்துக்குக் கீழே 1921-இல் இம்பீரியல் பேங்க் கட்டியது என்று ஒரு வரியும் இருந்தது. இடிபடப் போகிறது என்பது சரி. மற்றது இரண்டும் தப்பு. அந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து நான் 22 வருஷம் காசு எண்ணியிருக்கிறேன், அதனால் இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், திருத்தத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

முதலில் இம்பீரியல் பேங்க் விஷயம். 1843-இல் ஆரம்பித்த பேங்க் ஆஃப் மெட்ராஸ், வங்காளம், பம்பாய் பேங்குகளோடு சேர்ந்து 1921 ஜனவரி 27-இல் இம்பீரியல் பேங்க் ஆஃப் இந்தியா ஆனது. ஐந்து வருஷத்துக்குள் 100 புதுக் கிளைகள் திறக்க வேண்டும் என்று அதற்கு நிபந்தனை இருந்ததால் அந்தக் காலத்தில் நிறைய ஊர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. சர்க்கார் பணத்தையும் அதுதான் பார்த்துக்கொண்டது. அதனாலோ என்னவோ பழைய பேங்க் கட்டடம் என்று எதைப் பார்த்தாலும் இம்பீரியல் பேங்க், கஜானா, துரைமார் என்று நம் ஆட்கள் சொல்லிவிடுகிறார்கள். 1955 ஜூலை 1-இல் அந்த இம்பீரியல் பேங்க்தான் ஸ்டேட் பேங்க் ஆனது. எங்கள் ஊருக்கு ஸ்டேட் பேங்க் வந்ததே எழுபதுகளில்தான், அதுவும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில், வாடகைக்கு. அதற்கு முன்னால் அந்த வம்சத்துக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, இதெல்லாம் தெரியாமலேயே இருக்கட்டும். உங்கள் நிருபர் வாசலில் நின்று கொஞ்சம் தலையைத் தூக்கிப் பார்த்திருந்தாலே போதும். நிலைக்கு மேலே சுதையில் ஒரு கஜலட்சுமி இருக்கிறாள். எத்தனையோ தடவை சுண்ணாம்பு அடித்து அடித்து மூக்கு மழுங்கிப்போய் முகமே தட்டையாகிவிட்டது, இடது பக்கத்து யானையின் தும்பிக்கையை ஒரு கேபிள்காரர் ஆணி அடித்து உடைத்துவிட்டார், ஆனாலும் அவள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். இம்பீரியல் பேங்க் துரை கஜலட்சுமியை வைத்தா கட்டுவார்?

உள்ளே ஸ்ட்ராங் ரூம் கதவில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது, அதில் லண்டன் என்று போட்டிருக்கும். வெள்ளைக்காரன் கதை அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அந்த மாதிரிக் கதவு அங்கிருந்து கப்பலில்தான் வந்தது, வாங்கி மாட்டியது நம் ஆட்கள். இன்றைக்கு நம் வீட்டில் இருக்கும் போன் எல்லாம் சீனாவில் செய்தது, அதற்காக வீட்டைச் சீனாக்காரர் கட்டினார் என்று பேரன் காலத்தில் எழுதுவார்களா?

1921 என்ற வருஷம் எங்கிருந்து வந்தது என்பதிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 1958-ஆம் வருஷத்து மத்தியத் தொல்லியல் சட்டம் நூறு வருஷமாவது ஆன கட்டடத்தைத்தான் பழஞ்சின்னம் என்று கணக்கில் எடுக்கும். 1921 என்று சொன்னால் நூறு தாண்டிவிடுகிறது அல்லவா? கட்டடத்தைக் காப்பாற்ற நினைத்த யாரோ நல்ல மனசோடுதான் பத்து வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒரு கட்டடத்தைக் காப்பாற்ற அதன் அப்பன் பெயரை மாற்றிச் சொல்ல வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் வேலை பார்த்தது பிற்பாடு அந்தக் கட்டடத்துக்கு வாடகைக்கு வந்த வேறொரு பேங்கில். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் போதெல்லாம் எங்கள் வட்டார அலுவலகத்து வக்கீல் மூலப் பத்திரத்தின் நகல் கேட்பார். அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடும் வேலை என் தலையில்தான் விழும். இரண்டு தடவை வரிசையில் நின்று அதை முழுசாகப் படித்திருக்கிறேன். இடம் வாங்கியது 1932-இல். வாங்கியவர்கள் ஒரு பஞ்சு வியாபாரி, ஒரு எண்ணெய்ச் செக்குக்காரர், பர்மாவில் கொடுக்கல் வாங்கல் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த ஒருவர், இன்னும் நாலைந்து பேர். எல்லோரும் எங்கள் ஊரும் சுற்றுப்பக்கமும். அவர்கள் குடும்பங்கள் இன்னும் இருப்பதால் பெயர்களை இங்கே எழுதவில்லை. அவர்கள் அங்கே ஆரம்பித்த பேங்கின் பெயரையும் அதே காரணத்துக்காக விட்டுவிடுகிறேன், நேரில் கேட்டால் சொல்கிறேன்.

இதைப் படிக்கிற சின்ன வயதுக்காரர்களுக்கு ஊர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து பேங்க் ஆரம்பிப்பதா என்று ஆச்சரியமாக இருக்கும். அது அந்தக் காலத்தில் அதிசயமே இல்லை. கும்பகோணம் பேங்க் 1904-இல் அப்படித்தான் வந்தது, இன்றைக்கு அது சிட்டி யூனியன் பேங்க். கரூரில் 1916-இல் வைஸ்யா பேங்க், பத்து வருஷம் கழித்து அதே கரூரில் லட்சுமி விலாஸ் பேங்க். தூத்துக்குடியில் 1921-இல் நாடார் பேங்க், 1962-இல் அதுதான் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் என்று பெயர் மாறியது. 1937 பிப்ரவரி 10-இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பேங்கைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தார். மதுரையில் கருமுத்து தியாகராசச் செட்டியார் 1943-இல் பேங்க் ஆஃப் மதுரா ஆரம்பித்தார். இவையெல்லாம் பெரிதாக வளர்ந்த பெயர்கள், அதனால் ஞாபகத்தில் இருக்கின்றன. இவற்றைச் சுற்றி ஊருக்கு ஒன்றாக முளைத்துக் காணாமல் போனவற்றின் பெயர்கள் இன்று யாருக்கும் தெரியாது. 1936-இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி, குறைந்தது 50,000 ரூபாய் மூலதனமாவது இருந்தால்தான் பேங்க் தொழிலே தொடங்கலாம் என்று கொண்டுவந்தார்கள் என்றால், அதற்கு முன்னால் எவ்வளவு சின்னக் கையிருப்போடு பேங்க் போர்டு மாட்டியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன பேங்குக்கு ஏன் அத்தனை பெரிய கட்டடம்? எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை, எங்கள் அப்பத்தா. கம்மல் விற்ற காசு 200 ரூபாயை அந்த பேங்கில்தான் போட்டு வைத்திருந்தாராம். யாரைக் கேட்டுப் போட்டீங்க அப்பத்தா என்று கேட்டால், யாரைக் கேக்கணும், கட்டடத்தைப் பார்த்தேன், போட்டேன் என்பார். தூணைப் பார்த்தேன், சுவத்து மொத்தத்தைப் பார்த்தேன், மேலே தாயார் உக்காந்திருக்கா, அப்புறம் என்ன பயம் என்பார்.

யோசித்துப் பாருங்கள், அப்போது வேறு என்னதான் இருந்தது? பேங்க் மூழ்கினால் போட்ட பணம் திரும்பக் கிடைக்க டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. ரிசர்வ் பேங்கே 1935 ஏப்ரல் 1-இல்தான் வந்தது. பேங்குகளுக்கென்று தனிச் சட்டம் 1949-இல்தான். அதற்கு முன்னால் 1906 அக்டோபர் 22, ஒரு திங்கட்கிழமை, சென்னையில் ஜனங்கள் பணம் போட்டு வைத்திருந்த அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியபோது நம் பக்கத்து ஜனங்கள் பட்ட அடி அந்தத் தலைமுறை முழுக்கப் பேச்சாக இருந்தது. அது வெள்ளைக்காரர் கம்பெனி, கடற்கரைப் பக்கம் பெரிய பெயர், சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குக் கடைசியில் 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. அந்த ஆத்திரத்தில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்னின்று 1907-இல் இந்தியன் பேங்கை உண்டாக்கினார்கள். நம் பணத்தை நாமே பார்த்துக்கொள்வோம் என்ற எண்ணம் அப்படித்தான் சின்ன ஊர்கள் வரைக்கும் வந்தது. ஆனால் நாமே என்றால் யார், அவர் கையில் என்ன இருக்கிறது என்று டெபாசிட் போடுகிற ஆளுக்கு எப்படித் தெரியும்? இருப்புநிலைக் குறிப்பையா படிப்பார் அப்பத்தா? ஊருக்குள் எல்லார் வீடும் ஓட்டு வீடாக இருக்கும்போது, கடைவீதி முனையில் இரண்டடிச் சுவரும் பர்மா தேக்குச் சட்டமும் அதன் மேல் செங்கலைக் குத்தாகச் சாய்த்து அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் மாடியுமாக ஒன்று எழும்பினால், இவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போகிற ஆட்கள் இல்லை என்று அர்த்தம். கட்டடம்தான் அப்போது இன்சூரன்ஸ்.

அந்த இன்சூரன்ஸ் ஆறு வருஷம்தான் தாங்கியது.

திருவிதாங்கூர் நேஷனல் பேங்கும் கொல்லம் பேங்கும் 1937-இல் ஒன்றாகச் சேர்ந்தன. தெற்கில் அதற்கு ஈடான பெரிய பேங்க் அன்றைக்கு அதிகம் இல்லை. சேர்ந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகாமல் 1938 ஜூனில் அது கதவைச் சாத்தியது. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயருக்கும் பேங்கை நடத்திய மாம்மன் மாப்பிள்ளைக்கும் இருந்த பகை பெரிய கதை, அதற்குள் நான் போகவில்லை. பீதி மலையைத் தாண்டி இந்தப் பக்கமும் வந்தது என்பதுதான் இங்கே விஷயம். பெரிய பேங்கே போய்விட்டது என்றால் நம்மூர் பேங்க் எம்மாத்திரம் என்று ஜனங்கள் பாஸ்புக்கோடு வந்து நின்றார்கள். எங்கள் பெரியப்பா அப்போது எட்டு வயதுப் பையன், அப்பத்தாவின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தாழ்வாரத்தில் நின்றதாகச் சொல்வார். முதல் நாள் கொடுத்தார்களாம். மறுநாள் மத்தியானம் வரைக்கும் கொடுத்தார்களாம். அதற்கப்புறம் உள்ளே இருந்த ஒரு முதலாளி வெளியில் வந்து, பணம் பஞ்சு மூட்டையாகக் கிடங்கில் கிடக்கிறது, விற்றால்தான் தர முடியும் என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். பெரியப்பாவுக்கு அதில் ஞாபகம் இருந்தது அவர் கும்பிட்டதுதான், ஏனென்றால் அவ்வளவு பெரிய மனுஷன் கும்பிட்டு அவர் அதுவரை பார்த்ததில்லை.

நான் பிற்பாடு பேங்கில் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்த முதலாளி பொய் சொல்லவில்லை என்று புரிந்தது. போட்ட பணத்தை அப்படியே பூட்டி வைத்திருந்தால் அது பேங்க் இல்லை, உண்டியல். வாங்கிய பணத்தை வியாபாரத்துக்குக் கடனாகக் கொடுத்திருப்பார்கள், எல்லாரும் ஒரே நாளில் வந்து நின்றால் நல்ல பேங்கும் விழும். ஆனால் டைரக்டர்களே தங்கள் சொந்த வியாபாரத்துக்குக் கடன் வாங்கிக்கொள்ளும் பழக்கம் அந்தச் சின்ன பேங்குகளில் சகஜம், அதையும் சொல்லத்தான் வேண்டும். வயிற்றெரிச்சல் பட்டவர்கள் சும்மா படவில்லை. அப்பத்தாவுக்கு லிக்விடேட்டர், அதாவது விழுந்த பேங்கின் சொத்தை விற்றுப் பிரித்துக் கொடுக்கிறவர், மூலமாகக் கொஞ்சம் கொஞ்சமாக 70 ரூபாய் வந்தது, அதுவும் யுத்தமெல்லாம் முடிந்த பிறகு. பாஸ்புக்கைக் கடைசி வரைக்கும் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ஏலத்தில் கட்டடத்தை எடுத்தவர் ஒரு கடலை வியாபாரி, இப்போது இடிக்கப் போகிறவர்கள் அவருடைய பேரன் பேத்திகள். கிட்டத்தட்டப் பத்து வருஷம் அது கடலைக் குடோன். ஸ்ட்ராங் ரூமில் எலி வராது என்பதால் விதைக்கடலையை அதற்குள் போட்டுப் பூட்டினார்கள் என்று கேள்வி.

ஐம்பதுகளில் எங்கள் பேங்க் அங்கே வாடகைக்கு வந்தது. 1960 ஆகஸ்டில் கேரளத்தில் பாலை சென்ட்ரல் பேங்க் மூழ்கியதும் டெல்லிக்கு உறைத்து, 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட் இன்சூரன்ஸ் வந்தது. முதலில் ஆளுக்கு 1,500 ரூபாய் வரைக்கும். 1993-இல் ஒரு லட்சம், 2020 பிப்ரவரியிலிருந்து ஐந்து லட்சம். இது வந்த பிறகு எந்த பேங்க் தூண் வைத்துக் கட்டியது, சொல்லுங்கள்? கண்ணாடிக் கதவு, ஏசி, பிளாஸ்டிக் போர்டு, ஷட்டர், அவ்வளவுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. 2020 நவம்பர் 17-இல் லட்சுமி விலாஸ் பேங்கில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தபோது, பத்தே நாளில் வேறொரு பேங்கோடு சேர்த்துவிட்டார்கள், டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு ரூபாய் போகவில்லை. அப்பத்தா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். 94 வயதான பேங்க் ஒன்று போன விதத்தையும் எங்கள் ஊர் பேங்க் போன விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கட்டடங்கள் ஏன் மாறின என்பது புரியும்.

1969-க்கு அப்புறம் எங்களுடையது அரசு பேங்க். நான் 1984-இல் சேர்ந்தேன். நடுவில் வேறு ஊர்களுக்கு மாற்றல், திரும்பி வந்தது எல்லாம் போக, அந்தக் கட்டடத்தில் மட்டும் 22 வருஷம். 2018-இல் ஓய்வு.

ஸ்ட்ராங் ரூமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இடிக்கும்போது முதலில் திணறப் போவது அங்கேதான். மூன்று பக்கச் சுவரும் வெளிச்சுவர் கிடையாது, அறைக்குள் அறையாகக் கட்டியது. ஜன்னல் இல்லை. மேலே காற்றுக்கு ஒரு இரும்புக் குழாய், அதையும் வளைத்து விட்டிருப்பார்கள், கையை விட்டால் முழங்கைக்கு மேல் போகாது. கதவுக்கு இரண்டு சாவி, ஒன்று மேனேஜரிடம், ஒன்று ஹெட் கேஷியரிடம். இரண்டு பேரும் வந்தால்தான் திறக்கும், ஒருத்தர் வராவிட்டால் ஊரே காத்திருக்கும். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் எங்கள் மேனேஜர் சாவியோடு மழையில் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார், வாசலில் நூறு பேர் நிற்க நாங்கள் பித்தளை டோக்கனை மட்டும் கொடுத்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தோம். காலையில் அந்தக் கதவைத் திறந்ததும் வரும் வாசனை, பழைய நோட்டும் கோந்தும் நகைக்கடன் துணிப்பைகளும் பூட்டின காற்றும் கலந்த வாசனை, எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. நோட்டுக் கட்டுகளை அப்போது கம்பி அடித்துத்தான் வைப்போம். 2001-இல் ரிசர்வ் பேங்க் இனிமேல் நோட்டைத் தைக்கக் கூடாது என்று சொல்லி நிறுத்தியது. அந்த அறையின் தரையில் கல் இடுக்குகளில் இன்றைக்கும் விரல் நகத்தால் நோண்டினால் துருப்பிடித்த பின்கள் வரும். போன மாதம் போய் நோண்டிப் பார்த்தேன், மூன்று வந்தன.

கணக்கு டேலி ஆகாத ராத்திரிகள் இன்னொரு விஷயம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் பேரேடுகளை எல்லாம் கையால் கூட்டிச் சரிபார்க்க வேண்டும். ஒரு ராத்திரி 63 ரூபாய் உதைத்தது. பத்து மணி ஆகிவிட்டது, காவலாளி தன் இரட்டைக்குழல் துப்பாக்கியை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் சீனியர் ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டே வந்து, எவ்வளவு வித்தியாசம் என்றார். 63 என்றோம். ஒன்பதால் வகுபடுதே, எவனோ இலக்கத்தைத் திருப்பிப் போட்டிருக்கான், தேடு என்றார். 81 ரூபாயை 18 என்று எழுதியிருந்தது நான்தான். இன்றைக்கு இருக்கிற பிள்ளைகளுக்கு இந்த வித்தை தேவைப்படாது. ஆனால் எப்போது அந்த மாடியைப் பார்த்தாலும் எனக்கு 63 என்ற எண் ஞாபகம் வரும்.

2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது எங்கள் கிளை வரிசை தாழ்வாரத்தைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனது. எதிரே கண்ணாடிக் கிளை வைத்திருந்த பேங்குக்காரர்களின் வாடிக்கையாளர்கள் வெயிலில் நின்றார்கள். எங்களிடம் வந்த கிழவிகள் எட்டடி அகலத் தாழ்வாரத்தில் தூணுக்குத் தூண் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். 1932-இல் கட்டினவர்கள் எதை நினைத்து அந்தத் தாழ்வாரத்தை விட்டார்களோ, 1938-லும் 2016-லும் அது ஒரே வேலையைத்தான் பார்த்தது, பணத்துக்குக் காத்து நிற்கிறவர்களுக்கு நிழல் கொடுத்தது.

2020 ஏப்ரல் 1-இல் பத்து அரசு பேங்குகளை நான்காக்கினார்கள் அல்லவா, அதில் எங்களுடையதும் போனது. ஊரடங்கு நேரம், தெருவில் ஆள் இல்லை, ஒரு நாள் காலையில் போர்டு மாறியிருந்ததைப் பால்காரர்தான் எனக்குப் போன் பண்ணிச் சொன்னார். சேர்ந்த இரண்டு பேங்குக்கும் ஒரே தெருவில் ஒவ்வொரு கிளை இருந்ததால், கொஞ்ச நாளில் இரண்டில் ஒன்றை மூட வேண்டும் என்று ஆனது, லிப்ட்டும் ஏசியும் இருக்கிற புதுக் கட்டடம்தான் ஜெயித்தது. அதுவும் நியாயம்தான், எங்கள் கட்டடத்தில் கம்ப்யூட்டர் ஒயர் இழுக்கச் சுவரில் துளை போட ஒரு நாள் முழுக்க ஆகும். அப்புறம் அங்கே ஆடித் தள்ளுபடித் துணிக்கடை, செல்போன் கவர் கடை, கடைசியில் பூட்டு. ஆனால் டவுன் பஸ் கண்டக்டர் இன்றும் பழைய பேங்க் எல்லாம் இறங்கு என்றுதான் கத்துகிறார். பழைய பேங்க் என்று அவர் சொல்வது எங்கள் கிளையை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வேலையில் சேர்ந்த காலத்திலேயே, பேங்க் ஓடிக்கொண்டிருந்தபோதே, அதே ஸ்டாப்பைப் பழைய பேங்க் என்றுதான் சொன்னார்கள் என்று என் மனைவி ஞாபகப்படுத்தினாள். அப்படியென்றால் 1938-இல் விழுந்த பேங்கைத்தான் ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இடிப்பதை நிறுத்துங்கள் என்று நான் எழுதவில்லை. சொந்தக்காரர்கள் ஏழு பங்கு, இரண்டு பேர் வெளிநாட்டில், ஒருவருக்கு மருத்துவச் செலவு. அவர்களைப் பார்த்து நீங்கள் சோற்றுக்கு வழி பார்க்காமல் வரலாற்றைக் கட்டிக்கொண்டு அழுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2012-இல் தமிழ்நாட்டில் மரபுக் கட்டடங்களுக்கென்று ஒரு ஆணையச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது மனு போட்டால் நான் கையெழுத்துப் போடுவேன், ஆனால் எங்கள் பேரூராட்சி நூலகம் ஒழுகுகிற ஓட்டுக் கட்டடத்தில் இருக்கும்போது, இதை அரசு விலைக்கு வாங்கி நூலகமாக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம். ஸ்ட்ராங் ரூமில் எலி வராது, புத்தகத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

அதுவும் நடக்காது என்றால், இடிப்பதற்கு முன்னால் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் வந்து டேப் பிடித்து அளந்து ஒரு வரைபடம் போட்டு வைக்கலாம், மாடி அடுக்கிய விதத்தைப் பார்க்கவே அவர்களுக்குப் பாடம். கஜலட்சுமியைக் கொத்தி எறியாமல் பெயர்த்து எடுக்க நல்ல ஸ்தபதி ஒருவர் போதும். மாடிப்படிக்குக் கீழே ஒரு மரப்பெட்டி நிறைய பழைய பேரேடுகள் கிடந்தன, எங்கள் பேங்குடையது இல்லை, அதற்கு முந்தினது. நான் ஓய்வு பெறும்போதும் அங்கேதான் இருந்தது, பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதியில் ஊரில் யார் யார் எவ்வளவு போட்டு எவ்வளவு இழந்தார்கள் என்று அந்தக் காலத்து மை எழுத்தில் இருக்கும். என் அப்பத்தாவின் 200 ரூபாயும் அதில் இருக்கும். அதைக் கிலோ கணக்கில் போட்டுவிடாமல் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கச் சொல்லி பங்காளிகளில் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். பார்க்கலாம் அண்ணே என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதனால் நீங்கள் ஒரு வரி எழுதினால் அவர் கொஞ்சம் சீக்கிரம் பார்ப்பார்.

திருத்தம் போடும்போது அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். 1932-இல் இடம் வாங்கி உள்ளூர் வியாபாரிகள் கட்டிய பேங்க், 1938-இல் மூடப்பட்டது என்று எழுதினால் போதும்.

இன்னொன்று, உங்கள் புகைப்படக்காரரை மறுபடியும் ஒருமுறை அனுப்புங்கள். உச்சி வெயிலில் எடுத்திருக்கிறார், முகப்பு வெளுத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. துணிக்கடைக்காரர் தன் பிளெக்ஸைக் கழற்றிய பிறகு அங்கே சுண்ணாம்பு உரிந்திருக்கிறது. காலை ஏழரை மணிக்கு வெயில் கிழக்கே இருந்து சாய்வாக விழும்போது, எங்கள் பேங்கின் பெயின்டுக்கு அடியில் இன்னொரு பெயர் மேடு தட்டித் தெரிகிறது. ஊர்ப் பெயரில் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்றும் படிக்க முடியவில்லை, கடைசியில் லிமிடெட் என்று முழுசாக இருக்கிறது. அதற்குக் கீழே சின்னதாக வேலை நேரம் 10 முதல் 2 வரை. அந்த லை, 1978-க்கு முன்னால் எழுதினோமே, யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைத்து, அந்த லை. எட்டு மணிக்குள் வரச் சொல்லுங்கள், அதற்கப்புறம் எதிர்க் கடையின் நிழல் விழுந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹெட் கேஷியர் ஒருவர்